விலாக் கறிக்குப் புகை போடும் முன்

ஈப்போவில் வார இறுதி வந்தால் வீட்டுப் பின்கட்டில் கரி மூட்டி, பன்றி விலாவை மணிக்கணக்கில் புகையில் வாட்டி, மேலே அன்னாசியோ மாம்பழமோ பம்பிளிமாஸோ கலந்த இனிப்புச் சாறு பூசிச் சாப்பிடும் வழக்கம் இளைய தலைமுறையிடம் பரவி வருகிறது. வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பன்றியில் நோய் ஏதும் இருக்காதா?" என்பதுதான். கிந்தாப் பள்ளத்தாக்கில் அந்தக் கேள்விக்கு வலுவான காரணம் உண்டு. ஆனால் இன்று கவனிக்க வேண்டிய ஆபத்து பெரும்பாலும் அடுப்பில் இருக்கிறது.

நிப்பா விட்டுச் சென்ற பயம்

1998 செப்டம்பரில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சலும் மூளை வீக்கமும் கண்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. பேராக்கிலிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு அது நெகிரி செம்பிலானுக்கும் போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் அந்தப் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. சீனப் பண்ணைக்காரர்களோடு, அவர்களிடம் கூலிக்கு வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்களும் உயிரிழந்தவர்களில் இருந்தார்கள்.

பின்னர் நடந்த ஆய்வுகள், நோய் தொடங்கிய இடமாகத் தம்புன் வட்டாரத்துப் பெரிய பண்ணை ஒன்றைச் சுட்டின. அங்கே பன்றிக் கொட்டில்களை ஒட்டியே மாமரங்கள் நின்றன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப்போட்ட பழத்தைப் பன்றிகள் தின்றதில் வைரஸ் தொற்றியிருக்க வேண்டும் என்பதே இன்று ஏற்கப்படும் விளக்கம்.

மனிதருக்கு அது தொற்றிய வழியைக் கவனிக்க வேண்டும். நோயுற்ற உயிர்ப் பன்றியின் சளி, எச்சில், சிறுநீர் ஆகியவற்றோடு நெருங்கிப் பழகியவர்களையே அது பிடித்தது. சிங்கப்பூரில் தொற்றிய 11 பேரும் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள். நன்றாக வெந்த கறியைத் தின்றதால் வந்ததென்று சான்றில்லை. 1999க்குப் பிறகு மலேசியாவில் நிப்பா மனிதரிடம் தலைகாட்டவும் இல்லை. 2021இல் நாட்டுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பண்ணைகளை அழித்தாலும் மனிதரைத் தொற்றுவதில்லை.

ரப்பருக்குப் பொருந்தும் சூடு, கறிக்குப் பொருந்தாது

பேராக் தமிழருக்குப் புகை புதிதல்ல. தோட்டத்தில் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து வரியோடிய ரப்பர் தகடாக்கி, புகைக்கூடத்தில் நாள்கணக்கில் தொங்கவிடுவார்கள். அடியில் கிழட்டு ரப்பர் மரத்தின் விறகு எரியும். வெண்மையான தகடு தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். விறகுப் புகையில் உள்ள பீனால் பொருள்கள் தகட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காத்தன. கறியில் மணத்தையும் கெடாமையையும் தருவதும் அதே பொருள்கள்தான்.

இங்கேதான் விபரீதம் தொடங்குகிறது. ரப்பர் புகைக்கூடத்தின் சூடு ஏறக்குறைய 40 முதல் 60 டிகிரி செல்சியஸ். இறைச்சியைப் பொறுத்தவரை இதில் பெரும்பகுதி கிருமிகள் பெருகும் சூடு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கறி நெடுநேரம் கிடக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை விதி. புகை அடர்த்தியாக வருகிறதே என்று மந்தமான நெருப்பில் விலாவைப் பாதி நாள் தொங்கவிடுபவர்கள் கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறார்கள். கூண்டுக்குள் சூடு 110 டிகிரி அளவில் நிலையாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் விலா ஐந்து மணி நேரம் அளவில் பதமாகும்.

நிறத்தை நம்ப வேண்டாம்

புகையில் வாட்டிய விலாவை வெட்டினால் ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். வேகவில்லை என்று பதற வேண்டியதில்லை. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது. எதிர்ப்பக்கமும் உண்மைதான்: வெளியே கறுத்துப்போன கறி உள்ளே வேகாமல் இருக்கலாம்.

குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று போதும். எலும்பில் படாமல், கறியின் தடித்த இடத்தில் முனையைச் செருக வேண்டும். பண்ணைப் பன்றியின் முழுத் துண்டுக்கு 63 டிகிரியும், இறக்கியபின் 3 நிமிட ஓய்வும் பாதுகாப்பான எல்லை. விலா அந்தச் சூட்டில் ரப்பராகவே இருக்கும். தசையைக் கட்டியிருக்கும் கொலாஜன் கரைந்து மெதுமெதுப்பாக 90 முதல் 95 டிகிரி வேண்டும். கறி சுருங்கி, எலும்பு நுனி ஒரு விரற்கணு அளவுக்கு வெளியே தெரியும்போது பதம் கூடிவிட்டது என்று அறியலாம். ஆக, விலாவில் மென்மையைத் தேடிப் போகிறவர் பாதுகாப்பையும் தாண்டியே போகிறார்.

பழைய தோட்டப் பக்கங்களில் கிடைக்கும் காட்டுப்பன்றிக்கு விதி வேறு. அது கால்நடை மருத்துவரின் சோதனையைக் கடந்து வந்த கறியல்ல. தசைக்குள் நுண்புழு இருக்கலாம். உறையவைத்தால் செத்துவிடும் என்பது காட்டு விலங்குகளின் எல்லாப் புழுக்களுக்கும் பொருந்தாது. குறைந்தது 71 டிகிரி வரை வெந்தே ஆக வேண்டும்.

எந்த விறகு, என்ன புகை

கொழுப்பு தணலில் சொட்டி எரியும்போதும், விறகு அரைகுறையாகப் புகையும்போதும் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் உண்டாகிக் கறியில் படிகின்றன. புகைத்த இறைச்சியில் பென்சோபைரீன் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு கட்டியிருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்க முடியாது, குறைக்க முடியும். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்து, கறிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தால் கொழுப்பு அதில் விழும். வெள்ளையாகத் திரளும் கெட்டிப் புகை அடங்கி, மெல்லிய நீலப்புகை வந்த பிறகே கறியை ஏற்ற வேண்டும்.

கரிக்குப் பேராக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. கோலா செபெத்தாங்கின் செங்கல் சூளைகளில், மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரத்தைச் சுட்டெடுக்கும் பாக்காவ் கரி சீரான தணல் தரும், புகை குறைவு. மணத்துக்கு உலர்ந்த மாங்கட்டையோ கொய்யாக் கட்டையோ ஒரு கைப்பிடி போதும். மரத் தளவாடத் தொழிற்சாலைகளில் கழித்துக்கட்டும் ரப்பர் மரத் துண்டுகளை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் எரிக்கக் கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க அவற்றில் போரான் மருந்து ஏற்றுகிறார்கள், பசையும் சாயமும் வேறு இருக்கும்.

மழை வந்துவிட்டதென்று கரியடுப்பைச் சமையலறைக்குள் இழுத்து வைப்பது இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. ஆளை மயக்கியே கொன்றுவிடும்.

பழப்பூச்சில் மறைந்திருக்கும் சர்க்கரை

தம்புன் பம்பிளிமாஸ் சாறும் இஞ்சியும் காய்ந்த மிளகாயும் பன்றிக் கொழுப்புக்கு அருமையான ஜோடி. ஆனால் பல செய்முறைகளில் ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, ஏறக்குறைய 200 கிராம், சேர்கிறது. ஆறு பேர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 33 கிராம். நாளொன்றுக்கு 25 கிராம் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே விகிதம் இன்னும் அதிகம். சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் பழத்தின் இனிப்பே திரண்டுவிடும், சர்க்கரை இரண்டு கரண்டி போதும். பூசுவது கடைசி அரை மணி நேரத்தில் மட்டும். முன்பே பூசினால் கருகும், கருகிய பகுதியை வெட்டி எறியத்தான் வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கவோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் பம்பிளிமாஸ் சேர்ப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. சில மாத்திரைகளின் வீரியத்தை அந்தப் பழம் உடலில் கூட்டிவிடும். அவர்களுக்கு அன்னாசியே போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

2015 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகைத்தும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடும் என்பது அதன் கணக்கு. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் செய்கிறவரை இந்தக் கணக்கு அச்சுறுத்த வேண்டியதில்லை, வாராவாரம் புகை போடுகிறவர் யோசிக்க வேண்டும். மீந்த விலாவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் 74 டிகிரி வரை சூடாக்கித் தின்று முடித்துவிடலாம்.