ஒரு வயது வரை பொறுக்கட்டும் பசும்பால்

"பிள்ளைக்கு ஆறு மாசம் ஆச்சு. தாய்ப்பால் பத்தல. மாட்டுப்பால் ஊத்தலாமா?"

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தடுப்பூசி நாளன்று செவிலியர்கள் கேட்டுப் பழகிய கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அம்மாச்சி, இல்லாவிட்டால் அப்பத்தா.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். தாய்ப்பாலுக்கு மாற்றாக, குடிக்கும் பாலாக, பசும்பாலை ஒரு வயது நிறைந்த பிறகே தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் குழைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, பழம் என்று உணவைத் தொடங்கி, கூடவே தாய்ப்பாலும் தரவேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும், முடிந்தால் அதற்கு மேலும் தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் கொட்டிலில் கறவை மாடு நிற்கும் வீட்டில், நுரைக்க நுரைக்கக் கறந்த பாலை வேண்டாம் என்று சொன்னால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். காரணம் புரியாவிட்டால் அப்பத்தா செவிலியரிடம் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாலாடையில் ஊற்றத்தான் செய்வார்.

பசுவின் பால் கன்றுக்காக அமைந்தது. கன்று பிறந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்கிறது. சுமார் ஐம்பது நாளில் அதன் எடை இரு மடங்காகிறது. நம் குழந்தை அந்த நிலையை எட்ட ஏறத்தாழ ஐந்து மாதம் எடுத்துக்கொள்கிறது. அதற்கேற்றபடி, 100 மில்லி தாய்ப்பாலில் புரதம் 1 கிராம் அளவில்தான் இருக்கிறது. பசும்பாலில் 3 கிராமுக்கும் மேல். சோடியம் சுமார் மூன்று மடங்கு, பாஸ்பரஸ் சுமார் ஆறு மடங்கு. இந்த வேறுபாடு புதிதாகத் தெரிந்ததும் அல்ல. ஜெர்மானிய வேதியியலாளர் யோஹான் ஃபிரான்ஸ் சைமன் 1838-லேயே இரண்டு பாலையும் பகுத்தாய்ந்து, பசும்பாலில் புரதம் கூடுதல் என்று எழுதிவிட்டார்.

புரதம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். பெரியவர்களுக்குச் சரி. குழந்தையின் உடலோ, மிஞ்சிய புரதத்தை யூரியாவாக்கி, மிஞ்சிய உப்போடு சேர்த்துச் சிறுநீரில் வெளியேற்ற வேண்டும். பெரியவர்களின் சிறுநீரகம் கொஞ்சம் தண்ணீரில் நிறையக் கழிவைக் கரைத்து அனுப்பிவிடும். கைக்குழந்தையின் சிறுநீரகத்துக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. அதே கழிவை வெளியேற்ற அதற்கு அதிகத் தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில், அதுவும் வயிற்றுப்போக்கு வந்த நாளில், பசும்பால் குடிக்கும் குழந்தை மற்றக் குழந்தைகளைவிட வேகமாக நீர்வற்றிப் போவது இதனால்தான். பிறந்து சில நாளே ஆன சிசுவுக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. பாலில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ், ரத்தத்தில் கால்சியத்தைக் குறைத்து வலிப்பையே வரவழைக்கலாம்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது ரத்தசோகைக்கு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை இரும்புச்சத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டுதான் பிறக்கிறது. குதிரில் கொட்டிய நெல்லைப் போல அந்தச் சேமிப்பு ஆறாம் மாத வாக்கில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். தாய்க்கே ரத்தசோகை இருந்தாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலோ இன்னும் முன்னதாகவே தீரும். சரியாக அந்த நேரத்தில்தான் வீடுகளில் பசும்பால் நுழைகிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் உள்ள இரும்பு அரை மில்லிகிராம் அளவுதான். அதிலும் பத்தில் ஒரு பங்கு போலத்தான் உடலில் சேர்கிறது. தாய்ப்பாலிலும் இரும்பு குறைவுதான், ஆனால் இருப்பதில் பாதியளவு சேர்ந்துவிடுகிறது. பசும்பாலின் கால்சியமும் கேசீன் என்னும் புரதமும் கீரையிலும் பருப்பிலும் வரும் இரும்பையும் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தை சோற்றுக்கு வாய் திறக்காது என்பது தனிக் கதை.

இன்னொன்றும் நடக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாமல். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எகார்ட் சீக்ளர், சாமுவேல் ஃபோமன் ஆகியோர் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், பசும்பால் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் மலத்தில் நுண்ணளவில் ரத்தம் கசிவதைக் கண்டறிந்தார்கள். பசும்பால் குடிக்கும் கைக்குழந்தைகளில் சுமார் 40 விழுக்காட்டினரிடம் இந்தக் கசிவு இருக்கும் என்று சீக்ளர் பின்னர் எழுதினார். மலத்தின் நிறம் மாறாது, குழந்தை அழாது, எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு சொட்டோடும் இரும்பு போகும். ஒரு வயதைத் தாண்டும்போது இந்தக் கசிவு நின்றுவிடுகிறது. ஒரு வயது என்ற எல்லைக்குப் பின்னால் உள்ள வலுவான காரணங்களில் இதுவும் ஒன்று.

தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட நம் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 50.7. இவ்வளவு மருத்துவமனைகளும் மருத்துவர்களும் உள்ள மாநிலத்தில் இந்த எண் ஏறியிருப்பது வேதனை. பசும்பால் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டிலேயே நிறுத்தக்கூடிய காரணம் அது. விளைவு வெளிறிய முகத்தோடு முடிவதுமில்லை. கோஸ்டா ரிகாவில் பெட்சி லோசாஃப் தலைமையில் நடந்த ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புக் குறைபாடு இருந்த பிள்ளைகள், சிகிச்சை பெற்ற பிறகும் ஐந்து வயதில் அறிவுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். மூளை வளரும் மாதங்களில் இழந்ததைப் பிறகு முழுதாக மீட்பது கடினம்.

"தண்ணி கலந்து கொடுத்தால் சரியாகிவிடுமே?" சரியாகாது. பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் உப்பும் புரதமும் குறையும். கூடவே குழந்தை வளரத் தேவையான கலோரியும் பாதியாகும். இரும்பு இன்னும் குறையும். தண்ணீர் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கும் வரும். எருமைப்பாலில் கொழுப்பும் புரதமும் இன்னும் அதிகம். ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. தென்மாவட்டங்களில் தெருவில் கறந்து அப்படியே சங்கில் புகட்டும் கழுதைப்பாலில் புரதம் பசும்பாலைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கொழுப்பு மிகக் குறைவு, காய்ச்சாத பால் என்பதால் கிருமிக்கும் வழி.

டின் பாலின் வரலாறு இன்னும் கசப்பானது. மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். இனிப்புக் கலந்த கெட்டிப்பாலைக் குழந்தை உணவென்று விளம்பரம் செய்து விற்றவர்களை நேருக்கு நேர் குற்றம் சாட்டிய உரை அது. இந்தியாவில் 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால்மாவு விளம்பரங்களைத் தடை செய்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டுத் தாயைக் குறை சொல்வது அநியாயம். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன்னே ஜீப் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் மாலையில்தான் வீடு திரும்புகிறார்கள். கைக்குழந்தை நாள் முழுக்கப் பாட்டியிடம். அங்கே பசும்பால் வருவது அறியாமையால் மட்டுமல்ல, கூலியை விட முடியாததாலும்தான். ஐம்பது பெண் தொழிலாளர்கள் இருக்கும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பணிநேரத்தில் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்றது மகப்பேறு நலச் சட்டம். ஊரில் விட்டுவந்த குழந்தைக்கு மலைமேல் கிடைக்கும் இடைவேளையால் என்ன பயன்? காப்பகமும் இடைவேளையும் ஒரே இடத்தில் அமைந்தால்தான் தாய்ப்பால் தொடரும்.

அதுவரைக்கும் கைகொடுப்பது பீய்ச்சி வைத்த தாய்ப்பால். கையைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி மூடிவைத்தால், வெயில் படாத அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். அடுப்பில் சூடாக்கக் கூடாது, வெந்நீரில் கிண்ணத்தை வைத்தால் போதும். புகட்டுவதற்குப் பாட்டிக்குப் பழகிய பாலாடையே நல்லது; புட்டியைக் கழுவுவது கடினம்.

தாய்ப்பாலுக்கு எந்த வழியும் இல்லாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு ஆறு மாதம் வரை மருத்துவர் சொல்லும் பால்மாவுதான் வழி. ஆறு முதல் பதினொரு மாதம் வரை பால்மாவோ விலங்கின் பாலோ தரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் இடம் கொடுக்கிறது. பால்மாவு வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இது ஆறுதல்தான். ஆனால் பாலைக் காய்ச்சித் தர வேண்டும், முட்டை, இறைச்சி, பருப்பு, கீரை தினமும் சேர வேண்டும், இரும்பு மருந்து தவறக் கூடாது. மற்றபடி ஆறு மாதத்துக்குப் பின் சோற்றில் பிசைந்த கொஞ்சம் தயிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அளவு குறைவு.

ஒரு வயது முடிந்ததும் காய்ச்சிய பசும்பாலைத் தாராளமாகத் தொடங்கலாம். நாளுக்கு இரண்டு டம்ளர், அதாவது 400 மில்லி போதும். அதற்கு மேல் போனால் பழைய சிக்கல் திரும்பும்: மலச்சிக்கல், சோறு மறுப்பு, ரத்தசோகை. வெளிறிய உள்ளங்கை, சுறுசுறுப்பின்மை, மண்ணையும் சுண்ணாம்பையும் தேடித் தின்பது எல்லாம் இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் வாரம் இரண்டு முறை, ஒரு மில்லி இரும்பு–ஃபோலிக் அமில மருந்து தருவது அரசின் திட்டம், காசு கிடையாது. குடித்த பிறகு மலம் கறுத்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது இயல்பு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அந்த வயதில் குழந்தை இருந்தால், அடுத்த தடுப்பூசி நாளில் கிராமச் செவிலியரிடம் அந்தப் புட்டியைக் கேட்டு வாங்குங்கள்.