கரும்பலகை தெரிகிறது, புத்தகம் தெரிகிறதா?

பள்ளிகளில் நடைபெறும் கண் பரிசோதனையின் முறை நாம் அனைவரும் அறிந்ததே. ஆறு மீட்டர் தொலைவில் எழுத்து அட்டை மாட்டப்பட்டிருக்கும். மாணவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் எழுத்துகளைப் படிக்க வேண்டும். பிறகு கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் சிறிய எழுத்துகள் வரை படித்துவிட்டால் பார்வையில் குறையில்லை என்று பதிவாகிவிடும். நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வகுத்தளித்த இம்முறை எளியது, செலவு குறைந்தது. கிட்டப்பார்வை உள்ள லட்சக்கணக்கான குழந்தைகளை அடையாளம் காட்டியிருக்கிறது.

ஆனால், எந்தக் குழந்தையும் பாடப்புத்தகத்தை ஒரு கண்ணால் படிப்பதில்லை. ஆறு மீட்டர் தொலைவில் வைத்தும் படிப்பதில்லை. இரு கண்களாலும், ஏறக்குறைய ஓரடி தொலைவில், தொடர்ந்து அரை மணி, ஒரு மணி நேரம் படிக்கிறது. நாம் சோதிப்பது ஒன்று. குழந்தையிடம் எதிர்பார்ப்பது வேறொன்று. இந்த இடைவெளியில்தான் ஒரு பெரிய குறைபாடு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது.

ஒவ்வொரு விழியையும் ஆறு வெளித்தசைகள் இயக்குகின்றன. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு விழிகளும் ஒரே அளவில் மூக்கை நோக்கி உட்புறமாகத் திரும்ப வேண்டும். அதே நேரத்தில் விழிக்குள் இருக்கும் லென்ஸ் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இரு கண்களில் விழும் இரு பிம்பங்களை மூளை ஒன்றாக இணைக்க முடியும். படிக்கும்போது கண்கள் வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை. சொல்லுக்குச் சொல் தாவித்தாவிச் செல்கின்றன. ஒவ்வொரு தாவலிலும் இந்த இணைப்பு குலையாமல் இருக்க வேண்டும்.

விழிகள் போதிய அளவு உட்புறம் திரும்பி நிலைத்திருக்க இயலாத நிலையைக் குவிதல் குறைபாடு என்கிறோம். வெளித்தோற்றத்தில் கண்கள் நேராகவே இருக்கும். எழுத்து அட்டையையும் குழந்தை பிழையின்றிப் படித்துவிடும். ஆனால், புத்தகத்தைத் திறந்த சிறிது நேரத்தில் எழுத்துகள் மங்கும், இரட்டையாகத் தோன்றும், நகர்வதுபோல் இருக்கும். நெற்றி வலிக்கும். படித்த வரியையே மீண்டும் படிக்க நேரும் அல்லது ஒரு வரி தவறிப்போகும். ஒரு புள்ளி விடுபட்டாலே சொல் மாறிவிடும் தமிழ் போன்ற மொழியில் இது சிறிய இடையூறன்று.

தமிழ்நாட்டில் இதன் அளவு என்ன என்பதற்கு நம்மிடம் ஆய்வே இருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழகத்தின் நகர்ப்புற, ஊரகப் பள்ளிகளில் 7 முதல் 17 வயதுக்குட்பட்ட தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சோதித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாறுகண் இல்லாத, ஆனால் இருகண் ஒருங்கிணைப்பில் குறைபாடுள்ள மாணவர்கள் நகர்ப்புறத்தில் 31.5 சதவீதம், ஊரகத்தில் 29.6 சதவீதம். அவற்றில் மிகுதியாகக் காணப்பட்டது குவிதல் குறைபாடு: நகரில் 16.5, ஊரகத்தில் 17.6 சதவீதம். பாடச்சுமை கூடும் 13 வயதுக்கு மேற்பட்டோரிடம் ஒருங்கிணைப்புக் குறைபாடுகள் மேலும் அதிகம்.

ஊரகத்துக்கும் நகரத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது இங்கு கவனத்துக்குரியது. இது கைப்பேசியில் மூழ்கிய சென்னைக் குழந்தைகளின் சிக்கல் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. காட்டுமன்னார்கோவிலிலும் புவனகிரியிலும் பரங்கிப்பேட்டையிலும் 40 பேர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில் ஆறேழு குழந்தைகளுக்குக் குவிதல் குறைபாடு இருக்கக்கூடும் என்று கருதுவது மிகையாகாது.

இவர்களை ஏன் நாம் அறிவதில்லை? பொருளியலில் தகவல் இடைவெளி என்றொரு கருத்து உண்டு. பலன் தரக்கூடிய பொருள் சந்தையில் இருந்தும், தனக்கு அது தேவை என்பதை அறியாதவர் அதைத் தேடிச் செல்வதில்லை. இரட்டையாகத் தெரியும் எழுத்தையே பிறந்தது முதல் பார்த்துவரும் குழந்தை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணுகிறது. அது முறையிடுவதில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறது. பெற்றோர் அதைச் சோம்பல் என்கிறார்கள். ஆசிரியர் கவனக்குறைவு என்கிறார். குழந்தையும் நாளடைவில் தனக்குப் படிப்பு வராது என்று நம்பிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியும் மாறுகண் விஷயத்திலேயே நம்மிடம் அலட்சியம் நிலவுகிறது. மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை இன்னும் மறைந்தபாடில்லை. மாறியிருக்கும் கண்ணின் பிம்பத்தை மூளை புறக்கணிக்கத் தொடங்கினால் அந்தக் கண் நிலையாகப் பார்வையை இழக்கக்கூடும். சிறு வயதிலேயே சிகிச்சை தொடங்கினால்தான் முழுப்பலன் கிட்டும்.

குவிதல் குறைபாட்டுக்குச் சிகிச்சை உண்டா? உண்டு. அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பேரிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் மருத்துவமனையில் அளிக்கப்பட்ட கண் பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் சேர்ந்து 12 வாரங்களில் 73 சதவீதத்தினருக்குப் பலன் தந்தன. பென்சில் முனையை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை வீட்டில் மட்டும் செய்தவர்களில் இது 43 சதவீதம்; பெயரளவிலான பயிற்சி பெற்றவர்களில் 35 சதவீதம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கண் பயிற்சி பெற்றால் மதிப்பெண் உயரும், கற்றல் குறைபாடு நீங்கும் என்ற விளம்பரங்களைப் பெற்றோர் நம்பிவிடக்கூடாது. குவிதல் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன், பெயரளவிலான பயிற்சி பெற்றவர்களைவிடக் கூடுதலாக உயரவில்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. டிஸ்லெக்சியா மொழியை மூளை கையாள்வதில் ஏற்படும் சிக்கல். கண் பயிற்சி அதற்கு மருந்தன்று. அப்படியானால் இச்சிகிச்சையால் என்ன பயன்? குழந்தை தலைவலியின்றி, எழுத்து இரட்டையாகாமல் படிக்க முடியும். அந்த நிம்மதியே போதிய பயன். மதிப்பெண் தந்தால்தான் வலியைப் போக்குவோம் என்பது அறமாகாது.

எஞ்சியிருப்பது செலவுக் கணக்கு. கடலூரை அடுத்த தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இயங்குகிறது. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வசதிகள் இல்லாமல் இல்லை. ஆனால், வாரம் ஒரு நாள் வீதம் 12 வாரங்கள் குழந்தையை அழைத்துச் செல்லும் தாய் 12 நாள் கூலியை இழக்கிறார். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26ஆம் நிதியாண்டுக்குத் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அதன்படி கணக்கிட்டால் பேருந்துக் கட்டணம் நீங்கலாகவே இழப்பு 4,032 ரூபாய். இலவச சிகிச்சை என்று நாம் சொல்வது ஏழைக்கு இலவசமாக இருப்பதில்லை. எனவே, சோதனையும் பயிற்சியும் பள்ளிக்கு அருகில் வந்தாக வேண்டும்.

இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. 2009-இல் தொடங்கப்பட்ட கண்ணொளி காப்போம் திட்டத்தின்கீழ் மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கிய அனுபவம் தமிழகத்துக்கு உண்டு. 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. அந்த வருகையிலேயே சில நிமிடங்களைக் கூட்டிக்கொண்டால் போதும். சிறு விளக்கொளியை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, அது எந்தத் தொலைவில் இரண்டாகத் தெரிகிறது என்று பார்ப்பதும் சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் பரிந்துரைத்த சோதனைகளில் ஒன்று. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கண் மருத்துவ உதவியாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்தால் போதும். குறைபாடு ஐயுறப்படும் குழந்தைகளுக்கு வட்டார அளவில் விடுமுறை நாளான சனிக்கிழமைகளில் பயிற்சி அளிக்கலாம். கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தையும் விருத்தாசலத்தையும் மையமாகக் கொண்டு இதை முன்னோட்டமாகத் தொடங்கிப் பார்க்கலாம்.

அதுவரை ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யக்கூடியது உண்டு. படிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளுதல், தலையைச் சாய்த்துக்கொள்ளுதல், விரலை வைக்காமல் வரியைத் தொடர முடியாமை, படித்த சற்று நேரத்தில் தலைவலி, கேட்டால் நன்றாகப் பதில் சொல்லும் குழந்தை படிக்கச் சொன்னால் தயங்குதல் ஆகியவற்றைக் கண்டால், கண்டிப்பதற்கு முன் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 'எழுத்து அசைகிறதா? இரண்டாகத் தெரிகிறதா?' என்று குழந்தையிடம் கேட்க வேண்டும். யாரும் கேட்காததால்தான் பல குழந்தைகள் சொல்வதில்லை.

எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்ற இலக்குடன் 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது தமிழகம். எழுத்தைக் கற்பிக்க இத்தனை முயற்சி எடுக்கும் நாம், அந்த எழுத்து குழந்தையின் கண்களுக்கு ஒன்றாகத் தெரிகிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டாமா?

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).