தப்புக்கு எவ்வளவு தூரத்தில் மைக்?

போனில் எடுத்த காமன் கூத்து வீடியோவைக் கவனித்திருக்கிறீர்களா? பாட்டுக்காரர் தனியே இழுத்துப் பாடும்வரை குரல் தெளிவாக இருக்கும். தப்பு மேளம் இறங்கியதும் அமுங்கிவிடும். பாடியவர் தொண்டையில் குறையில்லை. பெருஞ்சத்தம் வந்ததும் போன் தானாகவே ஒலியைக் குறைத்துக்கொள்கிறது. தப்போடு குரலும் சேர்ந்து இறங்குகிறது.

சவுண்ட் இன்ஜினியருக்கு வேலை இங்கேதான். புளத்கொகுபிட்டியப் பக்கத் தோட்டமொன்றில், லயத்து வாசலில் பதிவு என்று வைத்துக்கொள்வோம். தப்புக்கு ஒரு மைக், பாட்டுக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி ட்ராக்கில். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆகவே பாட்டு மைக் வாயருகே. தப்புக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி. தப்பு மைக்கைத் தோலுக்கு நெருக்கினால் குச்சி விழும் ‘சடக்’ தூக்கலாகும். விலக்கினால் சுற்றுப்புறத்தில் மோதித் திரும்பும் முழக்கமும் சேரும். ஆனாலும் ஒரே அடி இரண்டு மைக்கிலும் விழும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது, 3.4 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு 10 மில்லிநொடி பிந்தித்தான் வரும். இரண்டையும் கலக்கும்போது சில அலைகள் ஒன்றையொன்று அழித்து, தப்பு சத்தில்லாமல் ஒலிக்கும். இதைச் சரிக்கட்டவே பாதி நாள் போகும். தகரக் கூரையில் மழை பிடித்தாலோ, பெட்டியை மூடவேண்டியதுதான்.

இப்படி ஒரு சவுண்ட் இன்ஜினியர்தான், ஏ. ஆர். ரகுமானின் எத்தனையோ பாடல்களைப் பதிந்து கலந்த, 2008இல் மறைந்த எச். ஸ்ரீதர். ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படங்களின் ஒலிக்காகத் தேசிய விருது பெற்றவர். கசெட் உறையில் அவர் பெயரை எத்தனை பேர் தேடியிருப்போம்!

இசைத் தயாரிப்பாளர் வேறு ஆள். எதை, எந்த வரிசையில், எப்படிப் பதிவது என்று முடிவெடுப்பவர். தமிழ்த் திரையிசையில் பெரும்பாலும் இசையமைப்பாளரே அதையும் பார்த்துக்கொள்வார். தயாரிப்பாளர் தனியாள் என்பதற்கு ஓர் உதாரணம்: 1963 பெப்ரவரி 11 அன்று லண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் ஒரே நாளில் 10 பாட்டுகளைப் பதிந்தார்கள். அவர்களில் ஜோன் லெனனுக்குச் சளி. ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டைப் பாடினால் அவர் தொண்டை போய்விடும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதைக் கடைசிக்குத் தள்ளினார்.

நம் கூத்துக்கும் இப்படியொருவர் வேண்டும். தப்பை முதலில் பதிந்து, மறுநாள் அறைக்குள் ஹெட்போன் மாட்டிப் பாடவைத்தால் ஒலி சுத்தமாக வரும். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். பாட்டுக்காரர் மூச்சிழுப்பதைப் பார்த்துத்தானே தப்புக்காரர் அடியை அடக்குகிறார்! தப்பு கொஞ்சம் குரலுக்குள் கசிந்தாலும் பரவாயில்லை, சேர்ந்தே பதியவேண்டும். ஈரத்தில் தளர்ந்த தோலைத் தீயில் காய்ச்சும் இடைவெளியில் பாட்டுக்காரருக்குத் தேத்தண்ணி. தொண்டையைப் பிடுங்கும் ரதியின் புலம்பல், கதைப்படியே பிற்பகுதியில்தான் வருகிறது. அந்த வகையில் தயாரிப்பாளருக்கு ஒரு வேலை மிச்சம்.