இணையவழி விடுதி அறை ஏலம்

இணையவழி விடுதி அறை ஏலம் என்பது, தங்கும் விடுதிகளில் நிரம்பாமல் எஞ்சும் அறைகளுக்குப் பயணி தானே ஒரு விலையைக் குறித்து, இணையம் வழியாகக் கேட்கும் முறையாகும். விடுதி அந்த விலையை ஏற்றால் அறை உறுதியாகும். ஏற்காவிட்டால் பயணி விதிகளுக்கு உட்பட்டு மீண்டும் கேட்கலாம். 1998-ல் அமெரிக்காவின் பிரைஸ்லைன் நிறுவனம் இதைப் பெரிய அளவில் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் இம்முறை அதே வடிவில் பரவவில்லை. எனினும் கைபேசிச் செயலிகளில் காணப்படும் தள்ளுபடிகள், கடைசி நேர விலைகள், விடுதியிடம் நேரடியாகப் பேசிக் குறைக்கும் வாடகை ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதே கணக்குதான். அந்தக் கணக்கையும், கோயம்புத்தூரின் வடபகுதியான சரவணம்பட்டி போன்ற இடத்தில் அது செயல்படும் விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் விளக்கம்

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் 'ஹோட்டல்' என்றால் பெரும்பாலும் உணவகம் என்றே பொருள். தங்கும் இடத்தை 'லாட்ஜ்' என்பர். 'விடுதி' என்ற சொல் மாணவர் தங்குமிடத்தையும் குறிக்கும். இக்கட்டுரையில் விடுதி என்பது நாள் வாடகைக்கு அறை தரும் இடத்தை மட்டுமே குறிக்கிறது.

அறை விலை ஏன் குறைகிறது?

விடுதி அறை, தக்காளியைப் போல் கெட்டுப்போகும் சரக்கு. மாலையில் சந்தை கலையும் நேரத்தில் தக்காளி விலை இறங்குவதற்கும், இரவு நெருங்கும்போது அறை விலை இறங்குவதற்கும் காரணம் ஒன்றே. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை இரண்டு முறை விற்க முடியாது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். 40 அறைகள் கொண்ட விடுதியில் ஓர் அறையின் வழக்கமான வாடகை 2,000 ரூபாய். கட்டடக் கடன் தவணை, ஊழியர் சம்பளம், சொத்து வரி ஆகியவை அறை நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் மாறுவதில்லை. ஓர் அறையில் ஆள் தங்குவதால் கூடுதலாக ஆகும் செலவு சலவை, மின்சாரம், தண்ணீர், சோப்பு போன்றவை மட்டுமே. அது 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காலியாகக் கிடக்க இருந்த அறையை 1,200 ரூபாய்க்குக் கொடுத்தாலும் அன்றைய கணக்கில் 800 ரூபாய் மிச்சம்.

ஆனால் எல்லோருக்கும் 1,200 ரூபாய் என்று அறிவித்தால், 2,000 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தவரும் 1,200 ரூபாயே கொடுப்பார். ஆகவே விலையைக் குறைக்க வேண்டும், குறைத்தது வெளியே தெரியவும் கூடாது என்பதே விடுதியின் சிக்கல். இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகளில் ஒன்றுதான் பெயர் மறைத்த ஏலம்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஒரே இருக்கையை வெவ்வேறு பயணிகளுக்கு வெவ்வேறு விலையில் விற்கும் முறையை 1980-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணினி உதவியுடன் வளர்த்தெடுத்தது. பின்னர் மேரியட் போன்ற விடுதிக் குழுமங்களும் அதைப் பின்பற்றின. ஜே வாக்கர் நிறுவிய பிரைஸ்லைன், 1998 ஏப்ரலில் விமானப் பயணச்சீட்டுகளுடன் 'உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்' என்ற முறையைத் தொடங்கி, விரைவில் விடுதி அறைகளுக்கும் விரிவாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இம்முறைக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

2000-ல் தொடங்கிய ஹாட்வயர் இதில் ஒரு மாற்றம் செய்தது. அங்கு பயணி விலை கேட்க வேண்டியதில்லை. தள்ளுபடி விலை காட்டப்படும், விடுதியின் பெயர் மட்டும் பணம் கட்டிய பிறகே தெரியும். 2010-ல் வந்த ஹோட்டல்டுநைட், அன்றிரவு எஞ்சும் அறைகளைப் பெயருடனேயே குறைத்து விற்றது. அதை 2019-ல் ஏர்பிஎன்பி வாங்கியது.

பிரைஸ்லைன் 2005-ல் நெதர்லாந்தின் புக்கிங்.காம் நிறுவனத்தை வாங்கியது. பெயரும் படமும் விலையும் வெளிப்படையாகக் காட்டி, விடுதியிடம் கமிஷன் பெறும் முறை அது. காலப்போக்கில் குழுமத்தின் பெரிய வணிகமாக ஏலம் நிலைக்கவில்லை, அந்த முறையே நிலைத்தது. 2018-ல் குழுமத்தின் பெயரே புக்கிங் ஹோல்டிங்ஸ் என மாற்றப்பட்டது. விமானப் பயணச்சீட்டுகளுக்கான விலைகேட்பை பிரைஸ்லைன் 2016-ல் நிறுத்தியது. விடுதிகளுக்கும் பின்னர் கைவிட்டது.

ஏலம் நடந்த முறை

1. பயணி நகரத்தையும், அதற்குள் ஒரு பகுதியையும், தங்கும் நாள்களையும் தேர்ந்தெடுப்பார்.
2. எத்தனை நட்சத்திரத் தரம் வேண்டும் என்று குறிப்பார்.
3. தான் தர விரும்பும் விலையையும் கடனட்டை விவரத்தையும் முன்கூட்டியே பதிவார்.
4. ஏதேனும் ஒரு விடுதி அந்த விலையை ஏற்றால் உடனே பணம் எடுக்கப்படும். அதன் பிறகே விடுதியின் பெயர் தெரியும். ரத்து செய்யவோ பணத்தைத் திரும்பப் பெறவோ இயலாது.
5. யாரும் ஏற்காவிட்டால், பகுதி, தரம், நாள் ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால்தான் உடனே மறுபடி கேட்கலாம். இல்லையென்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது விதி இல்லையென்றால், பயணி 500 ரூபாயில் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏற்றி, விடுதி ஏற்கும் அடிமட்ட விலையைக் கண்டுபிடித்துவிடுவார். இந்த விதியையும் சிலர் கடந்தனர். தாம் கேட்கும் தரத்தில் விடுதியே இல்லாத ஒரு பகுதியைக் கூடுதலாகச் சேர்த்தால் கேட்பு 'மாறியதாக'க் கணக்காகும். ஆனால் அறை கிடைப்பது முதலில் விரும்பிய பகுதியில்தான்.

கொங்குப் பகுதி மாணவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள எளிய ஒப்பீடு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நடக்கும் மறைமுக ஏலம். ஈரோட்டில் மஞ்சளுக்கும், அவிநாசியில் பருத்திக்கும் வியாபாரிகள் பிறர் அறியாமல் விலை குறிப்பர். அந்த விலை கட்டுப்படியானால் விவசாயி கொடுப்பார். இல்லையென்றால் சரக்கை நிறுத்திக்கொள்வார். இரண்டு வேறுபாடுகள் முக்கியமானவை. மஞ்சள் ஏலத்தில் வாங்குபவர் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே விலை குறிக்கிறார். அறை ஏலத்தில் சரக்கைப் பார்க்காமலே குறிக்க வேண்டும். மஞ்சளை விவசாயி இருப்பு வைத்துக் காத்திருக்கலாம். ஓர் இரவை விடுதி இருப்பு வைக்க முடியாது.

இந்தியாவில் நிலை

மேக்மைட்ரிப் 2000-ல் தொடங்கப்பட்டது. கோஐபிபோவை நடத்திய ஐபிபோ குழுமம் 2017-ல் அதனுடன் இணைந்தது. சிறு விடுதிகளைத் தன் பெயரின்கீழ் கொண்டுவந்த ஓயோ 2013-ல் உருவானது. இந்தத் தளங்களின் வழி கமிஷனும் கூப்பன் தள்ளுபடியும்தான்.

இந்த வணிகத்தில் பயணிக்குத் தெரியாமல் விலையைக் கட்டிப்போட்ட ஒரு விதி இருந்தது. அதன் பெயர் விலைச் சமநிலை ஒப்பந்தம். தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைவாக, பிற தளங்களிலோ தன் சொந்த இணையதளத்திலோ விடுதி அறை விற்கக் கூடாது என்பதே அது. இந்திய ஹோட்டல் உணவக சங்கங்களின் கூட்டமைப்பும், ட்ரீபோ விடுதிகளை நடத்தும் நிறுவனமும் அளித்த புகார்களை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபர் 19 அன்று மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. விலைச் சமநிலை நிபந்தனைகளை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கவும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஜெர்மனியின் போட்டி ஆணையமும் 2015-ல் புக்கிங்.காமின் இத்தகைய நிபந்தனைகளுக்குத் தடை விதித்திருந்தது.

இதில் பயணிக்கான செய்தி ஒன்று உண்டு. செயலியில் காணும் விலையே கடைசி விலை என்று கொள்ள வேண்டியதில்லை. தளம் 20 விழுக்காடு கமிஷன் எடுப்பதாகக் கொண்டால், 2,000 ரூபாய் அறையில் விடுதியின் கைக்கு வருவது 1,600 ரூபாய். பயணி நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து 1,750 ரூபாய் கேட்டால் இருவருக்கும் ஆதாயம். 'உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்' என்பதன் நம்மூர் வடிவம் இந்தத் தொலைபேசி அழைப்புதான். பெயர் தெரிந்த அறையைப் பற்றிப் பேசுவதால், ஏலத்தின் பெரிய குறையும் இதில் இல்லை.

சரவணம்பட்டி: ஓர் எடுத்துக்காட்டு

சத்தியமங்கலம் சாலையில் உள்ள சரவணம்பட்டி, 2011-ல் கோயம்புத்தூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அருகிலுள்ள கீரணத்தம் சிறப்புப் பொருளாதார மண்டலம், குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றால் இங்கு வெளியூர்க்காரர் வருகை மிகுதி. நேர்காணலுக்கு வரும் பட்டதாரி, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோர், பணி நிமித்தம் வரும் பொறியாளர் ஆகியோருக்கு ஓரிரு இரவு அறை தேவைப்படுகிறது.

அலுவல் பயணிகளை நம்பியுள்ள விடுதிகளில் பொதுவாகத் திங்கள் முதல் வியாழன் வரை அறைகள் நிரம்பும். வார இறுதியில் விலை இறங்கும். சுற்றுலா ஊரான ஊட்டியில் இது தலைகீழ். வைகாசி, ஆவணி போன்ற மாதங்களின் முகூர்த்த நாள்கள், கொடிசியா வளாகக் கண்காட்சிகள், மகாசிவராத்திரியை ஒட்டி வெள்ளியங்கிரி அடிவாரத்துக்குத் திரளும் கூட்டம் ஆகியவை கோவை முழுவதும் அறைக்குத் தட்டுப்பாட்டை ஏற்படுத்தும். அத்தகைய நாள்களில் கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருப்பது பயன் தராது.

இடத்தைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பதன் இழப்பும் இங்கு தெளிவாகத் தெரியும். 'கோவை வடக்கு' என்று மட்டும் குறிப்பிடும் அறை மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரில் இருக்கலாம். காலை 9 மணி நேர்காணலுக்கு அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்தால், அறையில் மிச்சம் பிடித்த தொகை ஆட்டோவுக்கே போய்விடும். மாறாக, காந்திபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் தங்கினால் சத்தி சாலை நகரப் பேருந்திலேயே வந்து சேரலாம்.

மொத்தச் செலவைக் கணக்கிடுதல்

நேரம்: செயலி வழிப் பதிவுகள் பெரும்பாலும் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 11 மணியளவில் முடிபவை. சென்னையிலிருந்து இரவு புறப்பட்டுக் காலையில் கோவை வந்து சேரும் சேரன் எக்ஸ்பிரஸ் பயணிக்கு நண்பகல் வரை அறை கிடைக்காது. முன்னதாகவே வேண்டுமானால் கூடுதல் கட்டணம் ஆகலாம். பழைய லாட்ஜ்கள் பலவற்றில் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்பதே கணக்கு. குளித்து உடை மாற்ற மட்டும் இடம் தேவை என்றால், ரயில் பயணச்சீட்டு உள்ளவர்கள் ரயில் நிலைய ஓய்வறையை ஐஆர்சிடிசி தளத்தில் பதிவு செய்யலாம்.

வரி: 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. மேற்கண்ட 1,750 ரூபாய் அறைக்கு வரியுடன் 1,837.50 ரூபாய் ஆகும். 2,000 ரூபாய் அறைக்கு 2,100 ரூபாய். வேறுபாடு 262.50 ரூபாய்.

நிபந்தனைகள்: பணம் திரும்பக் கிடைக்காத பதிவு எப்போதும் மலிவாகவே தோன்றும். நேர்காணல் தேதி மாறும் வாய்ப்பு இருந்தால் அது மலிவு அல்ல. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர்களின் விவரத்தை விடுதிகள் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருப்பதால், சிறிய விடுதிகள் சில அவர்களை ஏற்பதில்லை. இலங்கை, மலேசியத் தமிழர்கள் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளூர் முகவரி அடையாள அட்டையை ஏற்பார்களா என்பதையும் அவ்வாறே கேட்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்பு

'இன்னும் 1 அறை மட்டுமே' என்ற எச்சரிக்கை உண்மையாகவும் இருக்கலாம், அவசரப்படுத்தும் உத்தியாகவும் இருக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரத்தை உருவாக்குதல், கேட்காத காப்பீட்டையோ நன்கொடையையோ கட்டணத்தில் சேர்த்தல், முதலில் குறைந்த விலை காட்டிக் கடைசியில் கட்டணங்களைக் கூட்டுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பணம் கட்டிய பின் அறை தரவில்லை அல்லது காட்டியதற்கு மாறான அறை தரப்பட்டது என்றால், பதிவுச் சான்றையும் திரைப்பிடிப்புகளையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

விலை கேட்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஒரே விடுதியின் விலையை இரண்டு மூன்று தளங்களில் வரியுடன் ஒப்பிட வேண்டும்.
2. விடுதியின் எண்ணை அழைத்து, செயலி விலையைச் சொல்லி, நேரடி விலையைக் கேட்க வேண்டும். முகூர்த்தமும் கண்காட்சியும் இல்லாத நாள்களின் மாலை நேரம் இதற்கு ஏற்றது.
3. ஒப்புக்கொண்ட விலை, உள்ளே வரும் நேரம், ரத்து நிபந்தனை ஆகியவற்றை வாட்ஸ்அப் அல்லது குறுஞ்செய்தியாகப் பெற வேண்டும்.
4. தவறவிட முடியாத வேலைக்காகச் செல்பவர், பெயர் மறைத்த அறைகளையும் கடைசி நேரத் தள்ளுபடியையும் தவிர்க்க வேண்டும். அவை, எந்த விடுதியானாலும் சரி, எந்த நாளானாலும் சரி என்று இருக்கக்கூடிய பயணிக்கே ஆதாயம் தருபவை.