நுரையும் மணமும்

முகச்சவரத்தைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு தமிழ்ப் பண்டிதனுக்கு என்ன உரிமை என்று அன்பர்கள் வினவக்கூடும். வள்ளுவரே கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மழித்தலையும் நீட்டலையும் எடுத்துப் பேசியிருக்கிறார் என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். அவர் பேசியது வேடத்தைப் பற்றி. நான் பேச வந்தது நுரையைப் பற்றி. ஆயினும் இரண்டுக்கும் உறவு இல்லாமற் போகவில்லை.

கண்டி நகரின் வடபால், மாத்தளைப் புகையிரதம் செல்லும் வழியில் உள்ளது மஹய்யாவ. மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். பொழுது புலருமுன் எழுந்து இந்நகரத்தின் தெருக்களைத் துலக்கியவர்கள் அவர்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில், அக்குடும்பங்களுள் ஒன்றிலே பிறந்த என் பழைய மாணவர் ஒருவர் கையில் ஒரு காகிதப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். பெட்டிக்குள் ஐந்து சிறு தகரச் சிமிழ்கள் இருந்தன.

“ஐயா, நானே காய்ச்சின சவரச் சவர்க்காரம். ஐந்து விதம். ஒவ்வொன்றையும் பாவித்துப் பார்த்து, நுரைக்கு ஐம்பது, மணத்துக்கு ஐம்பது என்று புள்ளி போட்டுத் தரவேண்டும்” என்றார். வாயிற்படி வரை போய்த் திரும்பி நின்று, “இந்த முறை இரங்கிப் போட வேண்டாம் ஐயா” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், தவணைப் பரீட்சையில் அவர் எழுதிய கட்டுரை முப்பது புள்ளிக்கு மேற் பெறத் தக்கதன்று. அவருடைய தாய் விடிகாலை வேலைக்குப் போகும் முன் அவரை எழுப்பிப் படிக்கவைப்பதை நான் அறிவேன். அந்த இரக்கத்தில் நாற்பத்தைந்து போட்டேன். பிள்ளை தனக்குத் தமிழ் வந்துவிட்டதென்று நம்பியது. சாதாரண தரப் பரீட்சையில் தமிழிலே சித்தியடையவில்லை. பிழைகளைத் திருத்தியிருக்க வேண்டிய இடத்தில் நான் இரக்கத்தைப் பூசி மறைத்துவிட்டேன். ஆகவே இம்முறை பரீட்சகனாகவே நடந்துகொள்வதென்று உறுதி பூண்டேன்.

முதலில் பொருளை அறிய வேண்டுமன்றோ? எண்ணெயோடு காரம் கூடினால் சவர்க்காரமும் கிளிசரினும் பிறக்கின்றன. சோடியம் ஐதரொட்சைட்டு சேர்ந்தால் கட்டியான சவர்க்காரம். பொற்றாசியம் ஐதரொட்சைட்டு சேர்ந்தால் குழைவானது. குளிக்கும் சவர்க்காரத்துக்குச் சோடியமே போதும். சவரத்துக்கு உரியதில் பொற்றாசியம் மிகுதியாக இருத்தல் வேண்டும். அதுவே தூரிகையில் எளிதாக ஏறி, நீரைப் பிடித்து வைத்திருக்கும் நுரையைத் தரும். வாழைச் சாம்பலிலும் இப்பொற்றாசியமே மிகுந்திருக்கிறது. சவர் என்றால் உவர், அதனோடு காரம். சொற்பிறப்பைப் பற்றிப் பண்டிதர்கள் எப்படியும் வழக்காடட்டும், பொருள் பொருந்தியே நிற்கிறது.

மாணவர் ஒரு சலூனில் தொழில் செய்பவர். 2022ஆம் ஆண்டு நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, இறக்குமதிப் பொருள்கள் கிடைக்காமலும், கிடைத்தவை விலையேறியும் மக்கள் தவித்ததை நாம் மறந்துவிடவில்லை. டப்பாவில் வரும் நுரைக்கு விலை கொடுத்துக் கட்டாத அந்நாளிலேதான் அவர் தாமே காய்ச்சத் தொடங்கினார். தேங்காயெண்ணெய், சிறிது ஆமணக்கெண்ணெய், மெழுகுதிரி செய்பவர்கள் வாங்கும் ஸ்டியரிக் அமிலம் ஆகியவையே அவருடைய மூலப்பொருள்கள். காரத்தை நீரிலே இடவேண்டும், நீரைக் காரத்திலே ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும் என்பதைப் புறங்கையில் ஒரு வடு வாங்கிய பிறகே கற்றுக்கொண்டார்.

இவ்வகை முயற்சி நம் பக்கத்துக்குப் புதிதன்று. மேனாட்டுச் சவர்க்காரங்களில் மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும் பெரிதும் சேர்ந்திருந்த காலத்தில், பம்பாயிலே கோத்ரேஜ் நிறுவனத்தார் 1918 அளவில் தாவர எண்ணெய்ச் சவர்க்காரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். மைசூர் அரசு 1916இல் சந்தனத் தைலத் தொழிலைத் தொடங்கியதன் பயனாக மைசூர்ச் சந்தனச் சவர்க்காரம் பிறந்தது. இலங்கையில் 1941இல் தோன்றிய சுதேசி நிறுவனத்தின் ராணிச் சந்தனச் சவர்க்காரம் பல வீடுகளின் கிணற்றடியில் இருந்தது. இத்தாலியின் புளோரன்சு நகரத்தார் 1948 முதல் யூக்கலிப்டசுத் தைலமும் மெந்தோலும் சேர்த்த சவரக் களிம்பு ஒன்றை உலகெங்கும் விற்கின்றனர். அந்த வரிசையின் கடைசியில் மஹய்யாவயில் ஓர் அடுப்பு.

பரீட்சையை இவ்வாறு நடத்தினேன். ஒரு சவர்க்காரத்துக்கு மூன்று நாள். அதே தூரிகை, அதே கத்தி, அதே குழாய்நீர். முகத்தை வெந்நீரால் நனைத்து, நனைந்த தூரிகையைச் சிமிழில் முப்பது எண்ணும்வரை சுழற்றி, கன்னத்திலே நுரையை வளர்த்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்த பின்பே கத்தியை எடுத்தேன். நுரை அழகுக்காக அன்று; மயிர் நீரை உறிஞ்சி மெத்தென ஆகும்வரை அந்நீரை அங்கேயே தாங்கி நிற்பதற்கும், கத்தி வழுக்கிச் செல்வதற்குமே அது வேண்டப்படுகிறது.

முதற் சிமிழில் மணம் இல்லை, தேங்காயெண்ணெயே மிகுதி. தேங்காயெண்ணெயின் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். அது நொடியிற் பொங்கிப் பெருங்குமிழி எழுப்பும். எழுந்த விரைவிலேயே உடைந்தும் போகும். வலக்கன்னம் முடித்து இடக்கன்னத்துக்கு வருமுன் என் முகம் காய்ந்திருந்தது. மேடையிலே முதல் ஐந்து நிமிடம் முழங்கிப் பின் பொருளின்றித் திகைக்கும் பேச்சாளர் சிலரை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சந்தனம். இதில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. நுரை மெதுவாக வளர்ந்தது. வளர்ந்த பின் கட்டித் தயிர்போல் நின்றது. மணமோ முதலில் இனித்துச் சற்று நேரத்தில் தட்டையாயிற்று. கேட்டபோது, மெய்யான சந்தனத் தைலம் வாங்கத் தமக்கு வசதியில்லை என்றும், கடையில் விற்கும் மணச்சாரத்தையே கலந்ததாகவும் அவர் ஒளியாமற் சொன்னார். சிமிழிலோ ‘சந்தனம்’ என்றே எழுதியிருந்தது.

மூன்றாவது வெட்டிவேர். கோடையின் முதல் மழை மண்ணில் விழும்போது எழும் மணத்துக்கு உறவான மணம் இது. கத்தியைக் கழுவி வைத்த பின்பும் நெடுநேரம் கன்னத்தில் நின்றது. ஆனால் அருகில் இருப்பவரை வலிந்து அழைக்கவில்லை. நுரையும் செழுமையாக அமைந்தது. நான்காவது, சிங்களத்தில் பெங்கிரி எனப்படும் சிற்றொனெல்லாப் புல்லின் தைலம் கலந்தது. குளித்துத் துவட்டி வெளியே வந்த என்னைப் பார்த்து, “அப்பா, காலையிலேயே நுளம்புக்கா மருந்து பூசினீங்க?” என்று மகள் கேட்டாள். அதற்கு மேல் நான் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

ஐந்தாவது கறுவா. அன்பர்களே, இதனை எப்படிச் சொல்வேன்! சிமிழைத் திறந்ததும் அறை முழுவதும் ஒரு திருவிழா நுழைந்தது. நுரையும் ஐந்தனுள் தலைசிறந்தது. முதல் நாள் முகம் சற்றுக் காந்தியது, புதுமையென்று எண்ணிக்கொண்டேன். இரண்டாம் நாள் இரு கன்னங்களும் சிவந்து தடித்தன. மூன்றாம் நாள் பாடசாலையில் ஆசிரியர்கள் என்ன நேர்ந்ததென்று விசாரித்தனர்.

கடலாடு காதையில் மாதவி நீராடுவதற்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரை இளங்கோவடிகள் காட்டுகிறார். ஆரம், அகில், தகரம், துருக்கம், கோட்டம் என்ற ஐந்து விரைகளையும் நெட்டுருப் பண்ணிய நான், ஒன்றைச் சிந்தித்ததில்லை. அது நீராட்டு, இது கத்தி நடமாடும் இடம். கத்தி மயிரை மட்டும் எடுப்பதில்லை, தோலின் மேற்படையிலும் சிறிது வழித்துச் செல்கிறது. மூக்கு விரும்புவதையெல்லாம் அவ்விடத்துத் தோல் பொறுப்பதில்லை. கறுவாப்பட்டைத் தைலத்தின் முதன்மைப் பொருளாகிய சின்னமல்டிகைட்டு, தோலை உறுத்துவதற்குப் பேர்போனது. கறியிலே அதனைக் கொண்டாடுகிறோம். கன்னத்திலே அது தண்டிக்கிறது.

இடையில் ஓர் உறவினர் திருமணத்துக்காக யாழ்ப்பாணம் சென்றபோது வெட்டிவேர்ச் சிமிழையும் எடுத்துச் சென்றேன். கண்டியில் செழித்த நுரை அங்கே கிணற்று நீரில் திரிந்து, வெண்படலமாக மிதந்தது. சுண்ணக்கல் நிலத்து நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தைப் பற்றிக்கொண்டு கரையாத அழுக்காக்கிவிடுகிறது. குற்றம் சவர்க்காரத்தினுடையதன்று, நீரினுடையது. எனவே அந்நாட்களின் புள்ளியைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து மாணவர் வந்தார். விடைத்தாளுக்கு எழுதுவதுபோல ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதலாவது 40, சந்தனம் 65, வெட்டிவேர் 85, புல் 50. கறுவாவுக்கு நுரை 45, மணம் 45. அதன் கீழே, ‘சித்தியில்லை’ என்று எழுதியிருந்தேன்.

அவர் நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கறுவாவில்தான் ஐயா ஐம்பது சிமிழுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டவர் வருகிற கடை. முற்பணமும் வாங்கிவிட்டேன்” என்றார். அந்தப் பணத்தில் பாதி எண்ணெய்க்குப் போயிருந்தது. ‘சரி, ஒரு சிலருக்குத்தான் இப்படி ஆகும்’ என்று சொல்லிவிட நா எழுந்தது. நாற்பத்தைந்து புள்ளி போட்ட அதே நா.

“தம்பி, என் கன்னத்தைப் பாரும்” என்றேன். எழுந்து வந்து விளக்கொளியில் பார்த்தார். தொழில் தெரிந்தவர், விளக்கம் கேட்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அப்போது அந்தப் பழைய விடைத்தாளைப் பற்றி நானே சொன்னேன். முப்பது எப்படி நாற்பத்தைந்தாயிற்று என்று சொல்லி, என்னைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டேன். “பெறுபேறு வந்த அன்றைக்கே விளங்கிவிட்டது ஐயா. அதனாலேதான் இந்த முறை முன்கூட்டியே சொல்லி வைத்தேன்” என்றார். அவர் குரலிற் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

கடைக்காரரிடம் சென்று கறுவாவைத் தரமுடியாதென்று அவர் சொல்லிவிட்டார். ஐம்பதுக்குப் பதிலாக வெட்டிவேரில் இருபது மட்டும் வைத்துப் பார்ப்பதாகக் கடைக்காரர் இசைந்தாராம். மிச்ச முற்பணத்தை மாதந்தோறும் திருப்பிக் கொடுத்து வருகிறார். எண்ணிக்கையிலே இது நட்டம். அதனை நான் மறைக்கப் போவதில்லை.

சென்ற வாரம் இரண்டு புதிய சிமிழ்களை எனக்கெனக் கொண்டுவந்தார். ஒன்றில் ‘சந்தனம்’ என்றிருந்த இடத்தில் ‘சந்தன வாசனை சேர்த்தது’ என்று தம் கையாலேயே எழுதியிருந்தார். மற்றையதில் ‘வெட்டிவேர் மனம்’ என்றிருந்தது. நான் ஒன்றும் பேசாமல் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, றன்னகரத்தை வெட்டி டண்ணகரம் இட்டேன்.

“இதற்கு எத்தனை புள்ளி குறைப்பீர்கள் ஐயா?” என்று சிரித்தார்.

“அரைப் புள்ளி” என்றேன். குறைத்தும் விட்டேன்.