பிராக் நகரில் மூன்று நாள்: நேரம், நீர், மேடு

மூன்று நாளில் பிராக் நகரைப் பார்த்துவிட முடியுமா? பதில் சொல்லுமுன், அந்த மூன்று நாளில் வெளிச்சம் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று ஒரு கணக்குப் போட வேண்டும். செக் குடியரசின் தலைநகரமான பிராக், பூமத்திய ரேகைக்கு வடக்கே 50 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஜூன் கடைசியில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பர் கடைசியில் 8 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜூனில் போகிறவருக்கு மூன்று நாளில் 49 மணி நேர வெளிச்சம். டிசம்பரில் போகிறவருக்கு 24 மணி நேரம். நாள்கணக்கு ஒன்றுதான், பகல்கணக்கு பாதி.

பிராக்கின் பழைய பகுதி கைக்கடக்கமானது. நடுச் சதுக்கத்திலிருந்து ஆற்றுப் பாலத்துக்குப் பத்து நிமிட நடை. அதனால் இடங்களைப் பட்டியல் போட்டு ஓட வேண்டிய அவசியமில்லை. மூன்று கேள்விகளோடு போகலாம். இந்த ஊர் நேரத்தை எப்படி அறிந்தது? வெள்ளத்தை எப்படிச் சமாளித்தது? மேட்டில் எப்படி ஏறியது? நாளுக்கு ஒரு கேள்வி.

போய் இறங்கியதும் 72 மணி நேரப் பயணச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மெட்ரோ, டிராம், பஸ் மூன்றுக்கும் அது ஒன்றே போதும். இயந்திரத்தில் முத்திரை குத்திய நிமிடத்திலிருந்து அதன் கணக்கு தொடங்குகிறது. நள்ளிரவில் தேதி மாறுவது அதற்குப் பொருட்டில்லை. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் குத்தினால் திங்கள்கிழமை மாலை நாலு மணி வரை செல்லும். நாள் எப்போது தொடங்குகிறது என்பது மனிதர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு. அந்த ஏற்பாடு இந்த ஊரில் எப்படியெல்லாம் இருந்தது என்பதை ஒரு சுவரிலேயே படிக்கலாம்.

நேரம்

பழைய நகர்மன்றக் கட்டடத்தின் சுவரில் இருக்கும் வானியல் கடிகாரத்தை அங்கே ‘ஓர்லோய்’ என்கிறார்கள். 1410-இல் அமைத்தது. செய்தவர் காதான் ஊர்க்காரரான மிக்குலாஷ் என்ற கடிகாரக் கலைஞர். பின்னணிக் கணிதம் யான் ஷிண்டெல் என்ற வானியல் பேராசிரியருடையது என்று கருதுகிறார்கள். இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களில் உலகிலேயே மூத்தது இதுதான். காலை 9 முதல் இரவு 11 வரை, மணிக்கொரு முறை எலும்புக்கூடு ஒன்று மணியடிக்கிறது, இயேசுவின் சீடர்களான 12 அப்போஸ்தலர்கள் ஜன்னல்களில் வந்துபோகிறார்கள், பொன் சேவல் கூவுகிறது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து கூட்டம் கலையும். நாம் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான் இருக்கிறது: அசையாதது போலத் தெரியும் அந்த முகப்பு.

ஒரே முகப்பு, பல நேரங்கள். ரோமன் எண்கள் நமக்குப் பழகிய மணியைக் காட்டுகின்றன. அவற்றுக்கு வெளியே பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை எண்கள் கொண்ட ஒரு வளையம். அது பழைய பொஹீமிய, அதாவது பழைய செக், நேரம். நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது போல, பொஹீமியர்கள் அஸ்தமனத்திலிருந்து மணி எண்ணினார்கள். அஸ்தமனம் தினமும் நகர்கிறதே! வளையமும் அதற்கேற்ப ஆண்டு முழுதும் முன்னும் பின்னும் நகர்கிறது. சூரியன் மறையும்போது பொன் கை 24-ஐத் தொடும். இருட்டுவதற்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்பதை, நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

உள்ளே வளைந்து ஓடும் பொன் கோடுகள் இன்னொரு வகை மணி. பகல் எவ்வளவு நீண்டாலும் சுருங்கினாலும் அதைச் சரியாகப் பன்னிரண்டாகப் பிரிப்பவை அவை. ஆகவே அந்த ‘மணி’யின் நீளமே பருவத்துக்குப் பருவம் மாறும்: ஜூனில் ஏறத்தாழ 82 நிமிடம், டிசம்பரில் 40 நிமிடம். கோடுகள் வளைந்திருப்பதன் காரணமும் இதுதான். 50 டிகிரி வடக்கில் சூரியன் போகும் பாதைகள் எல்லாம் ஒரே தட்டையான வட்டத்துக்குள் அடக்கப்பட்டுள்ளன.

சுவருக்குப் பின்னால் இருப்பது இன்னும் அழகு. மிக்குலாஷின் மூல அமைப்பில் ஒரே அச்சில் மூன்று பெரிய பல்சக்கரங்கள். பற்கள் முறையே 365, 366, 379. மூன்றையும் சுழற்றுபவை 24 பற்கள் கொண்ட, ஒரே வேகத்தில் சுற்றும் சிறு சக்கரங்கள். பல் குறைவான சக்கரம் சீக்கிரம் சுற்றி முடிக்கும். 366 பல் சக்கரம் சூரியக் கையை நாளுக்கு ஒரு சுற்று சுற்றவைக்கிறது. 365 பல் சக்கரம் ராசி வளையத்தைச் சுழற்றுகிறது. ஒரு பல் குறைவு என்பதால் அது ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாகவே சுற்றை முடித்துவிடும். வானத்தில் நட்சத்திரங்களும் தினமும் அதே நான்கு நிமிடம் முந்தித்தான் உதிக்கின்றன. நட்சத்திரத்தை வைத்து அளக்கும் இந்த நாளுக்கு ‘விண்மீன் நாள்’ என்று பெயர். அதைக் காட்ட மிக்குலாஷுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பல்.

379 சந்திரனுக்கு. சந்திரன் தினமும் தாமதமாகவே உச்சிக்கு வரும். இரண்டு உச்சிகளுக்கு இடையே சராசரியாக 24 மணி 50 நிமிடம். 379-ஐ 366-ஆல் வகுத்துப் பாருங்கள்: 24 மணி 51 நிமிடம் வருகிறது. தொலைநோக்கி பிறப்பதற்கு இருநூறு ஆண்டு முன்பே, நாளுக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகாத கணக்கு!

சந்திரக் கையில் பாதி வெள்ளி, பாதி கறுப்பாக ஒரு உருண்டை உண்டு. அது தானாகவே வளர்பிறையும் தேய்பிறையும் காட்டுகிறது. வெளியிலிருந்து எந்தச் சக்கரமும் அதைத் திருப்புவதில்லை. உருண்டைக்குள் ஒரு சிறு எடை தொங்குகிறது. கை சுற்றச் சுற்ற, எடை புவியீர்ப்பால் கீழ்நோக்கியே நிற்கிறது. அந்த முரணில் ஒரு திருகு நகர்ந்து, 57 பற்கள் கொண்ட சக்கரத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பல் தள்ளுகிறது. அதாவது 28½ சுற்றில் ஒரு முழுப் பிறைச் சுழற்சி. ஒரு சுற்று 24 மணி 51 நிமிடம் என்பதால், மொத்தம் 29½ நாள். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கும் அவ்வளவுதான்.

இந்த முகப்பில் பூமி நடுவில் இருக்கிறது. எல்லாம் வட்டத்தில் அதைச் சுற்றுகின்றன. அதே சதுக்கத்தின் எதிர்ப்புறம் உள்ள தீன் தேவாலயத்தில் டைக்கோ பிராகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வெறுங்கண்ணால் கோள்களை அளந்து குவித்தவர். பாலத்தை நோக்கிப் போகும் கார்லோவா தெருவின் 4-ஆம் எண் வீட்டில் வானியலாளர் யோஹானஸ் கெப்ளர் குடியிருந்தார். டைக்கோவின் அளவுகளை வைத்துச் செவ்வாயின் பாதையை வட்டமாகப் போட்டுப் பார்த்தபோது கெப்ளருக்கு உதைத்தது வெறும் 8 கலை, அதாவது முழு நிலவின் அகலத்தில் கால்வாசி. டைக்கோ அவ்வளவு பிழை செய்யமாட்டார் என்று நம்பி வட்டத்தையே கைவிட்டார் கெப்ளர். 1609-இல் நீள்வட்டம் பிறந்தது. வட்டங்களின் கடிகாரத்திலிருந்து, வட்டத்தை உடைத்தவரின் வீட்டுக்குச் சில நிமிட நடைதான்.

அதே தெருவை ஒட்டி நிற்கும் கிளெமென்டினம் கட்டடத்தில் 1775 முதல் இன்றுவரை விடாமல் வெப்பநிலை குறித்து வருகிறார்கள். அதன் கோபுரத்தில் ஓர் இருட்டறை. சுவரில் சிறு துளை, தரையில் ஒரு கம்பி. துளை வழியே விழும் ஒளிப்பொட்டு கம்பியைக் கடந்தால் உச்சிவேளை. 1842 முதல் அந்தக் கணத்தில் மேலிருந்து கொடி அசைத்தார்கள். ஊர் தன் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டது.

நீர்

இரண்டாம் நாளைச் சார்லஸ் பாலத்தில், விடியற்காலையிலேயே தொடங்குவது நல்லது; பத்து மணிக்கு மேல் அங்கே நெரிசல். முந்தைய கல்பாலத்தை 1342 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நான்காம் சார்லஸ் மன்னர் புதியதற்கு 1357-இல் அடிக்கல் வைத்தார். 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம் என்று ஊரில் சொல்வார்கள். 1-3-5-7-9-7-5-3-1 என்று எண்கள் ஏறி இறங்கும் நல்ல நேரமாம். கடிகாரத்துக்கு நிமிட முள்ளே வராத காலம் அது!

516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். 1841 வரை ஊரில் ஆற்றைக் கடக்க இது ஒன்றே பாலம். தூண்களுக்கு முன்னே, நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மரச் சட்டங்களைக் கவனியுங்கள். வசந்தத்தில் உடைந்து மிதந்து வரும் பனிப்பாளங்களைத் தூணில் மோதவிடாமல் நொறுக்குபவை அவை. கல்பாலத்துக்கு மிதந்து வருவதே பெரிய எதிரி. 1890 வெள்ளத்தில் மரக்கட்டைகளும் தெப்பங்களும் வளைவுகளில் அடைத்துக்கொண்டன, பாலமே அணையானது, மூன்று வளைவுகள் விழுந்தன.

1905-இல் இந்தப் பாலத்தில் மின்சார டிராம் ஓடியது. தலைக்கு மேல் கம்பி கட்டினால் சிலைகளின் அழகு கெடும் என்று, பொறியாளர் ஃப்ரான்டிஷெக் க்ரிஷீக் மின்சாரத்தைத் தரையிலிருந்தே எடுக்கும் முறையை அமைத்தார். மூன்றே ஆண்டுகளில் அது நின்றுபோனது.

பாலத்தின் பழைய நகரக் கரையில், சுவரோடு சுவராக ஒரு தாடிக்காரர் முகம் தெரியும். பெயர் ப்ராதாச். முந்தைய பாலத்திலிருந்து வந்த கல். இதுதான் ஊரின் பழைய வெள்ள அளவுகோல். தாடியைத் தண்ணீர் தொட்டால் கரையோரம் இருப்பவர்கள் மூட்டை கட்ட வேண்டும். தலை மூழ்கினால் ஊருக்குள் வெள்ளம்.

வெள்ளத்துக்கு ஊர் கண்ட பெரிய தீர்வு காலடியில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு முதல் பழைய நகரத்தின் தெருக்களை மண் கொட்டி இரண்டு மூன்று மீட்டர் உயர்த்தினார்கள். வீடுகளை இடிக்கவில்லை. கீழ்த்தளம் நிலவறையானது, மேல்தளம் கீழ்த்தளமானது. நகர்மன்றத்தின் அடியிலும் ரேதெஸோவா தெருவின் பழைய மாளிகை அடியிலும் படியிறங்கினால், அன்று தெருவைப் பார்த்திருந்த அறைகளுக்குள் நிற்கலாம்.

2002 ஆகஸ்டில், சார்லஸ் பாலத்தின் அடியில் ஓடும் வல்டாவா ஆறு விநாடிக்கு 5,160 கன மீட்டர் வீதம் பாய்ந்தது. சராசரி நாளில் ஓடுவதைப் போல முப்பது மடங்குக்கும் மேல். மெட்ரோ நிலையங்கள் மூழ்கின. பழைய நகரம் தப்பியது. அதற்குச் சற்று முன்பே அங்கே கழற்றி மாட்டும் அலுமினியத் தடுப்புகள் வந்திருந்தன. தூண்களை நட்டு, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினால் கரையில் சுவர் எழும்பிவிடும். வடிந்ததும் கழற்றிக் கிடங்கில் வைத்துவிடலாம்.

மேடு

மூன்றாம் நாளை பூமிக்கடியில் தொடங்கலாம். நாம்யெஸ்தி மீரு மெட்ரோ நிலையம் 53 மீட்டர் ஆழம். குன்றின் அடியில் ரயில் சமமாகவே போகிறது. மேலே நிலம்தான் ஏறிவிட்டது. அதன் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம். ஏறி முடிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நகரும் படிகள் 30 டிகிரி சாய்வில் இருப்பதால் செங்குத்து உயரம் நீளத்தில் சரிபாதி: 43½ மீட்டர்.

பிறகு கோட்டைக்கு ஏறும் நெருதோவா தெரு. அங்கே வீட்டுக்கு இரண்டு எண்கள். சிவப்புப் பலகை, அந்த வட்டாரத்தில் கட்டடம் பதிவான வரிசை. 1770-இல் அரசி மரியா தெரேசா காலத்தில் தொடங்கியது. அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளின் சிவப்பு எண்கள் எங்கோ தாவும். நீலப் பலகைதான் தெரு வரிசை. முகவரி தேடும்போது அதைப் பார்க்க வேண்டும். எண்கள் வருமுன் வீட்டின் அடையாளம் வாசல்மேல் பொறித்த உருவம். ‘மூன்று வயலின்கள்’, ‘இரண்டு சூரியன்கள்’ என்று இன்னும் அவை அங்கே இருக்கின்றன.

கடைசியாகப் பெத்ரின் குன்று. 1891-இல் அங்கே கயிற்று ரயில் ஓடத் தொடங்கியபோது அதற்கு எஞ்சினே கிடையாது. ஒரே கயிற்றின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். பாரம் கூடிய பெட்டி இறங்கும். இறங்கும்போது மற்றதை மேலே இழுக்கும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். 1932-இல் மின்சாரத்துக்கு மாறியது. புதுப்பிப்புப் பணிக்காக நிறுத்துவதுண்டு. ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போகலாம். உச்சியிலுள்ள இரும்புக் கோபுரத்துக்கு 299 படிகள்.

இந்த மூன்று கேள்விகளை வேறு எந்தப் பழைய தலைநகரத்துக்கும் கொண்டுபோகலாம். லண்டனில் நேரத்தைக் கேட்டால், கிரீன்விச் ஆய்வுக்கூடத்தின் கூரையில் 1833 முதல் பகல் ஒரு மணிக்கு விழும் சிவப்புப் பந்து பதில் சொல்லும். ரோமில் தண்ணீரைக் கேட்டால், அக்ரிப்பா கி.மு. 19-இல் கொண்டுவந்த கால்வாயின் வழித்தோன்றலே இன்றும் ட்ரெவி நீரூற்றுக்கு நீர் தருவது தெரியவரும். லிஸ்பனில் மேட்டைக் கேட்டால், தெரு நடுவே 1902-இல் நிறுத்திய 45 மீட்டர் இரும்பு லிஃப்ட் தூக்கிச் செல்லும். பார்க்க நினைக்கும் ஊர் எதுவானாலும், கிளம்புமுன் ஒரு மாலை உட்கார்ந்து இந்த மூன்றுக்கும் பதில் தேடிப் பாருங்கள். பயணத் திட்டம் தானாக அமைந்துவிடும்.