நிறத்தை மெய்யாகக் காட்டும் மின்சூள்
ஒளிகாலும் இருவாயித் தொகுதியை அமைத்தலும் பழுதறிதலும்

இரவில் மின்சூளின் ஒளியிலே தடையியொன்றின் நிறப் பட்டைகளை வாசிக்க முற்படுபவர் கபிலத்துக்கும் சிவப்புக்குமிடையே தடுமாறுதல் இயல்பு. மூன்றாம் பட்டை சிவப்பாயிருக்க, அதனைக் கபிலமெனக் கொள்வாராயின், தடையின் பெறுமானம் பத்திலொன்றாகக் கணிக்கப்பட்டுவிடும். காயமொன்றைச் சோதிப்பவருக்கு இத்தகைய தவறு மேலும் பாரதூரமானது. குருதியின் செம்மையையும் தோலின் வெளிறலையும் பிரித்துக்காட்டாத ஒளி, எத்துணைப் பிரகாசமாயினும் பயன் குறைந்ததே. ஆகவே, ரோச் லைற் என்று வழக்கிற் கூறப்படும் மின்சூளை நாமே அமைத்துக்கொள்ளும்போது, ஒளியின் அளவோடு அதன் தன்மையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். இக்கட்டுரையில் அத்தகைய ஒளித்தொகுதியொன்றின் அடிப்படை, அமைப்பு, பழுதறியும் முறை ஆகியவற்றை ஒழுங்காக நோக்குவோம்.

வெண்ணொளியும் நிறங்காட்டற் சுட்டியும்

இன்று வழக்கிலுள்ள வெண்ணிற ஒளிகாலும் இருவாயிகளிற் பெரும்பாலானவை உண்மையில் நீல இருவாயிகளே. இந்தியம் கலந்த கல்லியம் நைத்திரைட்டுக் குறைகடத்தி ஏறத்தாழ 450 நானோமீற்றர் அலைநீளமுடைய நீல ஒளியைக் காலுகின்றது. அதன்மேற் பூசப்பட்ட ஒளிர்பொருள் அந்நீலத்தின் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக மாற்றுகின்றது. எஞ்சிய நீலமும் பிறந்த மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும். யப்பானின் நிச்சியா நிறுவனம் 1996 இல் இத்தகைய வெண்ணிற இருவாயியை வெளியிட்டது. அதற்கு வழிவகுத்த நீல இருவாயிக்காக அக்காசாக்கி, அமானோ, நாக்காமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

நீலமும் மஞ்சளும் மட்டும் சேர்ந்த இவ்வெண்மையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. ஒளியில் இல்லாத நிறத்தைப் பொருள் தெறிக்கச்செய்ய இயலாது. எனவேதான் செந்நிறப் பொருள்கள் இவ்வொளியிற் கபிலமாகவோ மங்கலாகவோ தோன்றுகின்றன. இக்குறையை நீக்கச் சிவப்பு ஒளிர்பொருளும் சேர்க்கப்படும். ஆயின் அதற்கு விலையுண்டு. மனிதக் கண் பகலொளிப் பார்வையில் 555 நானோமீற்றருக்கு அண்மையிலேயே கூர்மையாக உணர்கின்றது. 650 நானோமீற்றருக்கு அப்பால் அதன் உணர்ச்சி மிகத் தாழ்வு. ஆகவே சிவப்பைக் கூட்டுந்தோறும், அதே வலுவுக்குக் கிடைக்கும் ஒளியளவு குறையும். நிறத்தின் மெய்ம்மைக்காகப் பிரகாசத்தில் ஒரு பங்கை நாம் விட்டுக்கொடுக்கின்றோம்.

சருவதேச ஒளிர்வு ஆணைக்குழு வகுத்த நிறங்காட்டற் சுட்டி, ஒளிமுதலொன்றை அதே நிற வெப்பநிலையுடைய நியம ஒளியுடன் ஒப்பிடுகின்றது. நியம ஒளி 5000 கெல்வினுக்குக் கீழே கரும்பொருட் கதிர்ப்பாகவும், அதற்கு மேலே பகலொளியாகவும் கொள்ளப்படும். முற்றான ஒற்றுமைக்குச் சுட்டி 100 ஆகும். இங்கு வாசகர் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பெட்டிகளிற் பொறிக்கப்படும் பொதுச் சுட்டி, முதல் எட்டு மாதிரிகளின் சராசரி மட்டுமே. அவ்வெட்டும் செறிவு குறைந்த நிறங்கள். செறிந்த சிவப்பு ஒன்பதாம் மாதிரியாதலின் சராசரியிற் சேர்வதில்லை. பொதுச் சுட்டி 80 ஆகவுள்ள இருவாயியின் ஒன்பதாம் சுட்டி பூச்சியத்தை அண்மித்தும் நிற்கலாம். 70 ஆகவுள்ளதில் அது பெரும்பாலும் மறைப் பெறுமானமே. எனவே பொதுச் சுட்டி 90 இற்குக் குறையாததும், ஒன்பதாம் சுட்டி 50 இற்குக் குறையாததுமான இருவாயியையே தெரிதல் தகும். நிச்சியாவின் 519 ஏ வகையில் இவ்விரு நிபந்தனைகளையும் நிறைவுசெய்யும் தரங்கள் உள. அதன் பக்கம் 3.5 மில்லிமீற்றர்.

சுட்டி மட்டும் போதுமானதன்று. ஒளியின் நிறம் கரும்பொருள் வளையிக்கு மேலே விலகின் பச்சைச் சாயலும், கீழே விலகின் இளஞ்சிவப்புச் சாயலும் தோன்றும். உயர்ந்த சுட்டியுடைய ஒளியும் சிறிது பச்சையாகத் தோன்றலாம்.

தொகுதியை அமைத்தல்

ஓர் எளிய அமைப்பை எடுத்துக்கொள்வோம். விட்டம் 18 மில்லிமீற்றரும் நீளம் 65 மில்லிமீற்றருமுடைய இலிதியம் அயன் கலம் ஒன்று, ஒவ்வொன்றும் 350 மில்லியம்பியரைச் செலுத்தும் நான்கு நேர்கோட்டுச் சீராக்கிகளைக் கொண்ட செலுத்துச் சுற்று, ஓர் இருவாயி. மொத்த ஓட்டம் 1.4 அம்பியர். இவ்வோட்டத்தில் இருவாயியின் அழுத்த வீழ்ச்சி ஏறத்தாழ 3 உவோற்று எனின், அது நுகரும் வலு 4.2 உவாற்று. இதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே ஒளியாகும், எஞ்சியது வெப்பம். முழுதாக மின்னேற்றிய கலம் சுமையின்கீழ் 4.1 உவோற்றைத் தருமாயின், மிகுந்த 1.1 உவோற்றும் சீராக்கிகளிலே வீழ்ந்து மேலும் 1.5 உவாற்று வெப்பத்தை உண்டாக்கும். சிறு குழாயொன்றுக்கு இஃது அற்பமன்று.

ஆகவே வெப்பம் வெளியேறும் வழியே இவ்வமைப்பின் உயிர்நாடி. செம்பின் வெப்பக் கடத்தாறு, மீற்றர்-கெல்வின் ஒன்றுக்கு ஏறத்தாழ 400 உவாற்று. மின்சூள் உடல்களுக்குப் பயன்படும் அலுமினியக் கலப்புலோகத்துக்கு ஏறத்தாழ 167. கறையில் உருக்குக்கு ஏறத்தாழ 16 மட்டுமே. இருவாயியின் நடுத்தட்டு, இடையிற் காவலிப் படை எதுவுமின்றி நேரே செம்பைத் தொடுமாறு அமைந்த செப்புப் பலகையே சிறந்தது. பலகைக்கும் உடலின் தட்டுக்குமிடையே வெப்பப் பசையை மெல்லிய படையாகப் பூசி இறுக்குதல் வேண்டும்.

பற்றாசு பிடிப்பதற்கு, 183 பாகை செல்சியசில் உருகும் வெள்ளீய-ஈயப் பசை வசதியானது. மூன்று தட்டுகளிலும் சிறிதளவு பசையிட்டு, முனைவுக் குறியைச் சரிபார்த்து இருவாயியை வைத்து, பலகையைக் கீழிருந்து சூடாக்குக. பற்றாசு உருகிப் பளபளக்கும்போது மேற்பரப்பிழுவிசை இருவாயியைத் தானே நடுவுக்கு இழுக்கும். ஓரத்தை மெல்லத் தட்டின் மிகைப் பற்றாசு வெளியேறும். மேலுள்ள மென்மையான சிலிக்கோன் குவிமாடத்தை அழுத்தலாகாது. ஆறியபின், பலகையின் உடலுக்கும் இரு முனைவுகளுக்குமிடையே தொடர்ச்சி இல்லையென்பதைப் பல்மானியால் உறுதிசெய்க. கலத்தை இடுமுன், ஓட்டம் மட்டுப்படுத்தப்பட்ட வழங்கியில் ஒளிர்வித்துப் பார்த்தல் நன்று.

பழுதறிதல்

பழுதைத் தேடுபவர் கலம், கடத்தும் வழி, செலுத்துச் சுற்று, இருவாயி என்ற நான்கையும் தனித்தனியே பிரித்துச் சோதித்தல் வேண்டும். ஊகத்தால் உறுப்புகளை மாற்றுவது காலவிரயம்.

மேற்கூறிய சுற்றிற் சீராக்கிகள் இருவாயியின் மறைப் பக்கத்தில் உள்ளன. உடல் கலத்தின் மறை முனையோடு இணைந்துள்ளது. எனவே உலோகத் தெறிப்பியை இருவாயியின் மறைப் பற்றாசு தொட்டுவிடின், ஓட்டம் சீராக்கிகளைத் தவிர்த்துச் செல்லும். எந்நிலையிலும் ஒளி முழுப் பிரகாசத்தோடே நிற்கும். நேர்ப் பற்றாசு தொடுமாயின் கலமே குறுஞ்சுற்றாகும். அப்போது ஒளி தோன்றாது. கலம் கடுமையாகச் சூடேறி வாயுவை உமிழவும் தீப்பற்றவும் கூடும். உடனே கலத்தை அகற்றுதல் வேண்டும். இருவாயியைச் சுற்றிக் காவலி வளையமிடுவதும், காப்புச் சுற்றுடைய கலத்தைப் பயன்படுத்துவதும் இவ்வாபத்துக்கு எதிரான முதற்காப்பு.

ஒளி நடுங்குமாயின் வாலுறையின் இறுக்கு வளையம் தளர்ந்துள்ளதா, புரிகள் அழுக்கேறியுள்ளனவா என முதலிற் பார்க்க. குறைந்த பிரகாச நிலையில் மட்டும் அசையும் பொருள்கள் துண்டுதுண்டாகத் தோன்றின், அது சுற்று ஒளியைத் துடிப்புகளாக வெட்டுவதன் விளைவு, பழுதன்று. கலம் வடியும் இறுதிக் கட்டத்தில் ஒளி படிப்படியாகத் தாழ்வதும் நேர்கோட்டுச் சீராக்கிகளின் இயல்பே.

இயக்கிய சில கணங்களில் ஒளி மங்கி நீலச் சாயல் கொள்ளுமாயின் வெப்பவழியைச் சந்தேகிக்க. நாம் அமைத்த தொகுதியொன்றில் இவ்வாறே நிகழ்ந்தது. செலுத்துச் சுற்றையே நெடுநேரம் குறைகூறிய பின்னர், பலகையைக் கழற்றியபோது, அடியிற் பற்றாசு மணியொன்று இருந்து அதனைத் தட்டினின்றும் உயர்த்தியிருந்தமை புலனாயிற்று. அதனைத் தேய்த்து நீக்கியதும் குறை தீர்ந்தது.

குவிமாடம் கபிலமாக மாறுவதற்கு, மூடிய அறைக்குள் இளக்கியின் எச்சமோ பசையோ விடும் ஆவிகள் காரணமாகலாம். எச்சத்தைக் கழுவி, நன்கு உலர்ந்தபின்னரே முகப்பை மூடுதல் வேண்டும். பச்சைச் சாயலை நீக்கச் சிலர் குவிமாடத்தை வெட்டியெடுப்பதுண்டு. அதனால் நிற வெப்பநிலை தாழ்ந்து இளஞ்சிவப்புச் சாயல் மிகும்; ஆயின் மொத்த ஒளி குறையும். ஒளிர்பொருட் படை பெயர்ந்துவிடின் அவ்விடத்தில் நீலம் கசியும். அது திருத்தமுடியாத சேதம்.

விளைவைச் சோதித்தல்

திருசியமானி இல்லாதோரும் ஒருவாறு சோதிக்கலாம். இறுவட்டின் தடங்கள் 1.6 மைக்கிரோமீற்றர் இடைவெளியில் அமைந்திருப்பதால் அது கோணல் நெய்யரியாகத் தொழிற்படும். ஒடுங்கிய பிளவினூடாக வரும் ஒளியை அதிலே தெறிக்கச்செய்து திருசியத்தின் சிவப்பு முனையை நோக்குக. சாதாரண இருவாயியில் அது விரைவில் மங்கும். நல்லதில் நீண்டு நிற்கும். பின்னர் சிவப்பு, கபிலம், செம்மஞ்சள் நிறக் கம்பிகளைப் பகலொளியிலும் இவ்வொளியிலும் மாறிமாறி வைத்து ஒப்பிடுக.

பிரகாசத்தை ஓர் எண்ணால் விளம்பரப்படுத்தல் எளிது. நிறத்தின் மெய்ம்மையோ ஓர் எண்ணுள் அடங்குவதன்று. 2015 இல் வெளிவந்த புதிய அளவீட்டு முறையொன்று 99 நிற மாதிரிகளைக் கையாள்வதும் இதனாலேயே. சராசரி நன்றாயிருக்க, நமக்கு வேண்டிய ஒன்று அதனுள் மறைந்து தவறக்கூடும் என்பதை ஒன்பதாம் மாதிரி உணர்த்துகின்றது. இரவில் ஒரு காயத்தையோ ஒரு கம்பியையோ நோக்குபவருக்கு வேண்டியது அந்த ஒன்றே.